கும்பல் வாங்கிய டப்பா

ஸ்டுடியோவில் எல்லோரும் அவரைக் கும்பல் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரே ஆள்தான், அதுவும் ஒல்லியான ஆள். ஆனாலும் கும்பல். டப்பிங் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அவருக்குக் கிடைத்ததெல்லாம் கும்பல் குரல்தான். வெளிநாட்டுப் படத்தில் ஊர் தீப்பிடித்தால் "ஐயோ, ஓடுங்க!" அவர். வானத்திலிருந்து ஏதாவது இறங்கினால் "அங்க பாருங்க, என்னமோ வருது!" அவர். நீதிமன்றத்தில் முணுமுணுப்பவர் அவர், கல்யாணத்தில் ஆரவாரம் செய்கிற சொந்தக்காரர் அவர், கப்பல் கவிழ்ந்தால் தண்ணீருக்குள் போகிற கடைசி மூச்சும் அவரே. எத்தனையோ முறை செத்திருக்கிறார். ஒரு முறைகூடப் பெயரோடு செத்ததில்லை.

அப்படிப்பட்டவருக்கு ஒரு டாக்டர் கிடைத்தார். வெளிநாட்டுத் தொடர் ஒன்றில் ஊரே கையெடுத்துக் கும்பிடுகிற டாக்டர். கையெடுத்துக் கும்பிட்டவர்களை ஒவ்வொருவராக ஊசி போட்டு அனுப்பிவைக்கிற டாக்டர். பேச வேண்டியவருக்கு அன்றைக்குப் பார்த்துத் தொண்டை கட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் இருமுவதற்காக வந்திருந்த கும்பலைப் பார்த்து, "ஒரு வரி பேசுங்க, பார்ப்போம்" என்றார் டைரக்டரம்மா. பேசினார். முதல் பாகம் முழுக்க அவரே பேசி முடித்தார். தொடர் வெளியானதும் கும்பலின் மனைவி தன் வேலையிடத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் அந்த போன் வந்தது.

கும்பல் அப்போது துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். டைரக்டரம்மா என்பவர், யார் எந்த இடத்தில் மூச்சு விடலாம் என்பதுவரை தீர்மானிப்பவர். எதையும் போட்டு உடைக்கிற ரகம். அன்றைக்கு என்னவோ வெயில் எப்படி, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்றெல்லாம் விசாரித்தார். கும்பல் துணியைக் கொடியில் போடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டார்.

"சொல்லிடுங்க மேடம். கையில ஈரத் துணி இருக்கு."

"தொடர் எடுத்தவங்ககிட்டேர்ந்து மெயில் வந்திருக்கு. டாக்டரோட குரல் முகத்துல ஒட்டலையாம். பார்க்கிறவங்க எழுதித் தள்றாங்களாம். ரெண்டாவது பாகத்துக்கு வேற குரல் டெஸ்ட் பண்ணச் சொல்றாங்க. வெள்ளிக்கிழமை."

"ஒட்டலைன்னா எப்படி மேடம்? கரகரப்பா? வயசா?"

"அதெல்லாம் எழுதலை. ஒட்டலை, அவ்வளவுதான். நீங்களும் டெஸ்ட்டுக்கு வாங்க, வேணாம்னு யாரும் சொல்லலை." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சேர்த்தார். "ரெண்டாவது பாகத்துல பெரிய கலவரக் காட்சி ஒண்ணு இருக்கு. அது எப்படியும் உங்களுக்குத்தான்."

ஆறுதல் சொல்லவும் ஒரு கைப்பக்குவம் வேண்டும்.

"வெளியானதை நீங்க பார்த்தீங்களா மேடம்?"

"எனக்கு எங்கேங்க நேரம்? அடுத்த படம் தலைக்கு மேல நிக்குது. ஹெட்போன் பார்த்திருப்பான், அவனைக் கேளுங்க."

ஹெட்போன் என்பது ஸ்டுடியோவின் சவுண்ட் இஞ்சினியர். சாப்பிடும்போதும் கழுத்தில் அதை மாட்டிக்கொண்டே சாப்பிடுவான். அவனைக் கேட்டால், "நாள் முழுக்க இங்க அதையே கேட்டுட்டு, வீட்டுக்குப் போயும் அதையே கேட்கணுமாண்ணே? மேடம் பார்த்திருப்பாங்க" என்றான்.

கும்பல் மட்டும் என்ன, அவரும் பார்த்திருக்கவில்லை. மனைவியின் போனில் ஒரு முறை போட்டுப் பார்த்தார். டாக்டரின் தலை சுண்டுவிரல் நகம் அளவு. உதடு எறும்பு அளவு. எறும்பு என்ன பேசுகிறது, எப்போது பேசுகிறது என்று யாருக்குத் தெரியும்? குரல் முகத்தில் ஒட்டுகிறதா என்று பார்க்க முதலில் முகம் வேண்டும். அவர்கள் வீட்டு டிவியோ பழசு. பட்டனை அழுத்தினால், எதற்காக அழுத்தினார்கள் என்று யோசித்துவிட்டுத்தான் எரியும். இன்டர்நெட் என்று ஒன்று இருப்பது அதற்குத் தெரியாது. அதைத் தெரியவைக்கத்தான் சின்ன டப்பாக்கள் வந்திருக்கின்றன, டிவிக்குப் பின்னால் சொருகினால் போதும், எந்தத் தொடரும் வரும் என்று கேள்விப்பட்டிருந்தார். அவருடைய கைக்கு எட்டுகிற டப்பா, இருப்பதிலேயே மட்டமான டப்பா.

"வாங்கலாமா வேணாமா?" என்று அன்று சாயங்காலம் கேட்டார்.

மனைவி அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள். பல் செட் செய்யும் லேபில் அவளுக்கு வேலை. மணிக்கட்டில் வெள்ளைப் பொடி இன்னும் ஒட்டியிருந்தது. அவருக்கு உதடு, அவளுக்குப் பல். இருவருக்குமே பிழைப்பு அடுத்தவர் வாயில்தான் என்று கல்யாணமான புதிதில் இருவரும் சிரித்துக்கொண்டார்கள். இப்போதும் அவ்வப்போது சிரிப்பார்கள், புது நகைச்சுவை கிடைக்காத நாட்களில்.

பதில் அவளிடமிருந்து வரவில்லை. சோபாவில் டீயோடு சாய்ந்திருந்த அவள் தம்பியிடமிருந்து வந்தது. பக்கத்துத் தெருவில் இருப்பவன், டீ நேரத்துக்கு இந்தத் தெருவில் இருப்பவன். உலகத்தில் விற்பனைக்கு வருகிற எல்லாப் பொருளைப் பற்றியும் அவன் விமர்சனம் பார்த்திருந்தான். எதையும் வாங்கியதில்லை.

"பட்ஜெட் டப்பாவா? அதுக்கு ஒரு செங்கல்ல வயரைச் சொருகிடலாம் மாமா."

"ஏன் மச்சான், அவ்வளவு மோசமா?"

"மெமரி பத்தாது. ரெண்டு ஆப் போட்டா மூச்சு வாங்கும். மூணாவது போட்டா படுத்துக்கும். ரிமோட்டை இன்னிக்கு அமுக்கினா நாளைக்கு வேலை செய்யும். எல்லாத்துக்கும் மேல லேக்கு."

"லேக்குன்னா?"

"உதடு முன்னாடி போகும், சத்தம் பின்னாடி வரும்."

கும்பலின் முகம் மாறியது. மற்றதெல்லாம் மன்னிக்கக்கூடிய குற்றங்கள். இது மட்டும் அவருடைய தொழிலில் கொலை.

"நீ எந்த டப்பாடா வச்சிருக்க?" என்று அக்கா கேட்டாள்.

"நான் இன்னும் வாங்கலக்கா. அடுத்த மாடல் வரட்டும்னு இருக்கேன்."

"நாலு வருஷமா வராத மாடலா?"

"சரி, அதை விடு. முதல்ல மாமா டிவியில டப்பா சொருகுற துளை இருக்கான்னு பாருங்க. இவ்வளவு பழைய டிவியில இருக்காது. நான் சவால் விடுறேன்."

மூன்று பேருமாக டிவியைத் திருப்பினார்கள். பின்பக்கம் யாரும் பார்க்காத தைரியத்தில் தூசி தடிமனாக வளர்ந்திருந்தது. மனைவி லேபில் பல் செட் துடைக்கிற சின்ன பிரஷ்ஷை எடுத்துவந்து தட்டினாள். துளை இருந்தது. அதற்குள் ஒரு சிலந்தி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

"வாடகை இல்லாம இவ்வளவு நாள் இருந்துட்டு, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றாள் மனைவி. பிறகு புருஷனைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமையைப் பற்றி அவர் சொன்னதிலிருந்து அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பேசாமல் இருப்பதுதான் அவள் கவலைப்படும் விதம். "கடைக்குப் போங்க. உங்க தொடரையே போட்டுக் காட்டச் சொல்லுங்க. உதடும் சத்தமும் சேர்ந்து வந்தா வாங்கிட்டு வாங்க. வரலைன்னா வெறுங்கையோட வாங்க. வாயில வச்சுப் பார்க்காம நான் ஒரு பல் செட்டை அனுப்புறேனா?"

இதைவிடத் தெளிவான தீர்ப்பை எந்த விமர்சனமும் சொல்லியிருக்காது.

மறுநாள் மத்தியானம் மாமாவும் மச்சானும் கடைக்குப் போனார்கள். தெருமுனையில் சார்ஜர், ரிமோட், பேட்டரி என்று தோரணம் தொங்கும் சின்னக் கடை. கடைக்காரம்மா ஒரு கால்குலேட்டரின் வயிற்றைத் திறந்து வைத்து உள்ளே எதையோ தேடிக்கொண்டிருந்தாள். கும்பல் விஷயத்தைச் சொன்னார். அந்த டாக்டர் தான்தான் என்பதை மட்டும் சொல்லவில்லை. தன்னடக்கம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். பயம் என்பதுதான் சரியான வார்த்தை.

அவள் கடை டிவியில் மட்டமான டப்பாவைச் சொருகித் தொடரைப் போட்டாள். டாக்டரின் முகம் சுவர் அகலத்துக்கு வந்தது. கும்பல் முதல் முறையாகத் தன் டாக்டரை நிஜ அளவில் பார்த்தார். நரைத்த புருவம், கருணையான கண், வாய் திறக்கிறது...

திறந்து கொஞ்சம் கழித்துக் குரல் வந்தது.

ஓர் இமைப்பொழுதுதான். ஆனால் அந்த இமைப்பொழுதில் டாக்டர் பொம்மையானார், கும்பல் பொம்மைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிற ஆளானார்.

"லேக்கு!" மச்சான் துள்ளினான். "சொன்னேனா இல்லையா? மெமரி பத்தலை."

"அண்ணே, அடுத்ததைப் போடுறேன், இருங்க." இரண்டாவது டப்பா கொஞ்சம் பெரிய இடத்துப் பிள்ளை. அதிலும் அதே இமைப்பொழுது. கண்ணாடி அலமாரியைப் பூட்டு திறந்து, துணியால் துடைத்து, கடையிலேயே உசத்தியான டப்பாவை எடுத்தாள். மச்சான் அதைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான். அதன் விமர்சனத்தை அவன் கண்ணீர் மல்கப் பார்த்திருந்தானாம்.

அதிலும் டாக்டர் முதலில் வாயசைத்தார். கும்பல் பின்னால் வந்தார்.

"இதுவுமா?" மச்சானுக்குக் குரல் உடைந்தது.

கடைக்காரம்மா மறுபடி மட்டமான டப்பாவைச் சொருகி, ஒரு பாட்டைப் போட்டாள். பாடுகிற பெண்ணின் உதடும் பாட்டும் ஒட்டிப் பிறந்தவை போல வந்தன. நிறுத்திவிட்டுக் கும்பல் பக்கம் திரும்பினாள்.

"என் டப்பா மேல குறை இல்லண்ணே. டப்பிங் பேசினவன்கிட்டதான் கோளாறு. எந்தக் கட்டைல போறவனோ, தூங்கிட்டே பேசியிருக்கான்."

மச்சான் மாமாவைப் பார்த்தான். மாமா தரையைப் பார்த்தார். தரை நன்றாகப் பெருக்கப்பட்டிருந்தது.

"டப்பிங்னாலே இப்படித்தானே?" என்று அவள் சமாதானமாகச் சொன்னாள். "உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். நாமதான் பழகிக்கணும்."

திட்டியதுகூடப் பரவாயில்லை. இந்தச் சமாதானம்தான் அவரைக் குத்தியது. ஒவ்வொரு வரியையும் அந்த வெளிநாட்டு வாய் திறக்கும்போது திறந்து, மூடும்போது மூடி, நடுவில் அந்த ஆள் எச்சில் விழுங்கும்போது தானும் விழுங்கி அவர் பேசியிருந்தார். டைரக்டரம்மா கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கட்டை விரலைத் தூக்கிக் காட்டியிருந்தார். அது பொய்யா? இவ்வளவு நாளாகத் தன்னைத் தானே ஏமாற்றிக்கொண்டு, தூங்கிக்கொண்டேதான் பேசுகிறாரா?

"இன்னொரு தடவை அந்தத் தொடரைப் போடும்மா" என்றார்.

"வேணாம் மாமா, போலாம்." மச்சான் கையைப் பிடித்தான். முதல் முறையாக ஒரு பொருளைப் பற்றிப் பேச அவனுக்கு ஒன்றும் இல்லை.

"போடும்மா."

போட்டாள். டாக்டர் நோயாளியின் அறையைவிட்டு வெளியே வந்தார். கதவைச் சாத்தினார். கதவு சாத்தியாயிற்று. பிறகு 'டொம்' என்றது.

கும்பல் நிமிர்ந்தார்.

"அந்தக் கதவு. திரும்பக் கதவு."

"எந்தக் கதவுண்ணே?"

"டாக்டர் சாத்துற கதவு!"

மறுபடி போட்டாள். கதவு சாத்திக்கொண்டது. டொம். இடையில் அதே இமைப்பொழுது.

கும்பலுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். "கதவு லேட்டு! மச்சான், கதவும் லேட்டுடா! கதவுக்கு யாருடா டப்பிங் பேசினா?"

"நீங்க இல்லையா மாமா?"

"நான் எதுக்குடா கதவா நடிக்கிறேன்! பேச்சு மட்டும்தான் நாங்க பேசுறது. கதவு, கார், மழை எல்லாம் வெளிநாட்டுலேர்ந்து அப்படியே வரும். அப்புறம் ரெண்டையும் சேர்த்து ஒண்ணா அனுப்புவாங்க. நான் தூங்கிட்டுப் பேசியிருந்தா என் பேச்சு லேட்டாகலாம், சரி. கதவுமா தூங்கிட்டே சாத்திக்கும்?"

கடைக்காரம்மாவுக்கு இப்போதுதான் விளங்கியது. அவள் கண் பெரிதானது. "அண்ணே... அந்தத் தூங்கினவன் நீங்களா?"

"நான்தான்மா கட்டைல போறவன். அந்த வெளிநாட்டுப் பாஷைல போட்டுக் காட்டு."

அவள் அவசரமாக ஒலியை மூல மொழிக்கு மாற்றினாள். கதவு சாத்தும்போதே டொம் என்றது. நம் மொழிக்கு மாற்றினாள். சாத்தியபின் டொம். மொத்த ஒலியும் யாரோ தோளைப் பிடித்து ஓரடி பின்னால் நகர்த்தியது போல நகர்ந்திருந்தது. டாக்டர் மட்டுமில்லை, நர்ஸ், கார், கதவு, மழை எல்லாமே. தொடரில் வாய் ஓயாமல் பேசுகிறவர் டாக்டர்தான். கதாநாயகி பெரும்பாலும் முறைப்பாள், முறைப்புக்கு டப்பிங் கிடையாது. அதனால் மொத்தப் பழியும் டாக்டர் தலையில் வந்து விடிந்திருந்தது.

"இந்த டப்பாவைக் கொடும்மா."

"எதை, உசத்தியானதையா?"

"மட்டமானதை."

"மாமா, மெமரி..." என்று ஆரம்பித்தான் மச்சான்.

"எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்குடா. அது போதும்."

கடைக்காரம்மா டப்பாவைத் துணிப்பையில் போட்டு, கூடவே ஒரு ஜோடி பேட்டரியைத் தானாக வைத்தாள். கட்டைல போறவன் என்று சொன்னதற்காம்.

வெள்ளிக்கிழமை ஸ்டுடியோ வாசலில் காவலாளி பையைத் திறக்கச் சொன்னார். உள்ளே டப்பா, வயர், ரிமோட். "டெஸ்ட்டுக்கு வந்தீங்களா, டிவி மாட்ட வந்தீங்களா?" என்று கேட்டார். "ரெண்டும்தான்" என்றார் கும்பல்.

காத்திருக்கும் அறையில் வெல்வெட் உட்கார்ந்திருந்தார். டயர் விளம்பரத்தில் வருகிற குரல் அவருடையது. அந்தக் குரலைக் கேட்டால் வண்டி இல்லாதவர்களுக்கும் டயர் வாங்கத் தோன்றும். டெஸ்ட்டுக்காக வெந்நீர் ஃபிளாஸ்க்கும் மடித்த சால்வையுமாக வந்திருந்தார். கும்பலைப் பார்த்ததும் தர்மசங்கடத்தோடு எழுந்து, "வாங்கண்ணே" என்றார். அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டே கும்பலுக்கு இடம் போய்விட்டது போலிருந்தது.

டைரக்டரம்மாவும் ஹெட்போனும் வந்தார்கள். கும்பல் கதவைப் பற்றிச் சொன்னார். கதவு என்றதும் இருவரும் வாசல் கதவைப் பார்த்தார்கள்.

"நம்ம கம்ப்யூட்டர்ல போட்டா சரியாத்தானே இருக்கு?" என்றான் ஹெட்போன். "நானே காலைல பார்த்தேன்."

"நம்மகிட்ட இருக்கிறது சரியா இருக்கு. வீட்டுக்குப் போனதைப் பாரு."

அங்கேதான் சிக்கல். படம் திருடு போய்விடக் கூடாது என்று ஸ்டுடியோ கம்ப்யூட்டர்களுக்கு இன்டர்நெட்டே கிடையாது. வீட்டுக்குப் போவதை அவர்கள் அங்கிருந்து பார்க்கவே முடியாது, போனில் பார்த்தால் உதடு எறும்பு அளவு. காத்திருக்கும் அறை டிவி மட்டும்தான் வெளியுலகத்தோடு பேசக்கூடியது, அதுவும் ஊமையாகச் செய்தி ஓட்டிக்கொண்டிருந்தது. கும்பல் நாற்காலி போட்டு ஏறி டப்பாவைச் சொருகினார். டைரக்டரம்மா தன் போனிலிருந்து இன்டர்நெட் கொடுத்தார்.

திரையில் ஒரு வட்டம் வந்தது. சுற்றியது. இன்னும் சுற்றியது. வெல்வெட் ஒரு மிடறு வெந்நீர் குடித்தார். டைரக்டரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கும்பல் ரிமோட்டை அமுக்கினார், ஒன்றும் நடக்கவில்லை. மச்சான் சொன்னது அத்தனையும் காதில் ஒலித்தது. 'படுத்துக்காதே ராசா' என்று அந்த டப்பாவிடம் மனசுக்குள் கெஞ்சினார். அது ஒரு முறை அணைந்து, ஏதோ மனம் மாறியது போல எரிந்து, முன்பு அமுக்கியதையெல்லாம் வரிசையாக நிறைவேற்றி, கடைசியில் டாக்டரைக் கொண்டுவந்து நிறுத்தியது.

டாக்டர் வெளியே வந்தார். கதவைச் சாத்தினார்.

டொம்.

ஹெட்போனின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. டைரக்டரம்மா இன்னொரு முறை போடச் சொல்லிச் சைகை காட்டினார். பிறகு மூல மொழி. பிறகு மறுபடி நம் மொழி.

"மேடம்," என்றான் ஹெட்போன் மெதுவாக, "நாம பேசி முடிச்சப்புறம் அவங்க புதுப் படம் ஒண்ணு அனுப்பினாங்களே. டைட்டில்ல ஒரு துண்டை வெட்டிட்டாங்கன்னு."

"ஆமா. அதுக்கு ஏத்த மாதிரி நீ சத்தத்தை நகர்த்தியிருப்பேன்னு நான் இருந்தேன்."

"நீங்க நகர்த்தச் சொல்லுவீங்கன்னு நான் இருந்தேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். படம் முன்னால் நகர்ந்துவிட்டது, சத்தம் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. ஊரே அதைப் பார்த்தது, செய்தவர்களைத் தவிர.

"நான் வீட்ல பார்த்தேண்ணே," என்றார் வெல்வெட், டயர் குரல் தழைந்து. "டெஸ்ட்டுக்காக ரெண்டு நாளா அதைத்தான் பார்த்தேன். குரல் பிரமாதமா இருக்கே, ஏன் வேணாங்கிறாங்கன்னு தோணிச்சு. உதடு தள்ளிப் போறதும் தெரிஞ்சுது. ஆனா டப்பிங்னா இப்படித்தானேன்னு விட்டுட்டேன்."

"நீயுமாய்யா?" என்றார் டைரக்டரம்மா. "நாமளே நம்மளைப் பத்தி இப்படி நினைச்சா, பார்க்கிறவங்க என்ன பண்ணுவாங்க?" சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. முதலில் மூக்கு வழியாக வந்தது, பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஹெட்போன் சிரிக்கவா அழவா என்று தெரியாமல் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தான். வெல்வெட் ஃபிளாஸ்க்கை மூடி, சால்வையைப் பைக்குள் வைத்து, கும்பலின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இந்த முகத்துல வேற குரலை ஒட்ட முடியாதுண்ணே. நான் கிளம்புறேன்."

"இருங்க, டீ சாப்பிட்டுப் போங்க" என்றார் கும்பல். தோற்கடிக்க வந்தவரை உபசரிப்பதில் இருக்கிற சுகம் அவருக்கு அதுவரை தெரியாது. வெல்வெட்டுக்கு அவரே போய் டீ கொண்டுவந்தார், பிஸ்கட்டோடு.

ஹெட்போன் அன்றைக்கே உட்கார்ந்து எல்லாப் பகுதியின் ஒலியையும் சரியான இடத்துக்கு நகர்த்தினான். டைரக்டரம்மா நீண்ட மெயில் ஒன்று எழுதினார். தப்பு எங்களுடையது, குரலுடையது அல்ல என்று முதல் வரியிலேயே போட்டாராம். சரிசெய்த ஒலி வெளியே போய்ச் சில நாள் கழித்து பதில் வந்தது. டைரக்டரம்மா போனில் படித்துக் காட்டினார்.

"டாக்டருக்கு இதே குரல் இருக்கட்டும்னு எழுதியிருக்காங்க. இந்தக் குரல்தான் வேணும்னு அடிக்கோடு போட்டிருக்காங்க. போதுமா?"

"போதும் மேடம்." கும்பல் போனை மறு காதுக்கு மாற்றினார். "அந்தக் கலவரக் காட்சி?"

"உங்களைவிட்டா யாருங்க கலவரம் பண்ணுவா? ரெண்டும் உங்களுக்குத்தான்."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்தச் சின்ன ஹாலில் டிவியை நடுவில் இழுத்துப் போட்டார்கள். டப்பா அதன் முதுகில் தொங்கியது. மச்சான் நேரத்தோடு வந்து நல்ல இடத்தைப் பிடித்திருந்தான். வட்டம் சுற்றும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. வட்டம் நின்றதும், "பட்ஜெட் டப்பாவுல இது ஒண்ணுதான் தேறும்னு அன்னிக்கே எனக்குத் தெரியும்" என்றான். அவன் அக்கா அவனைப் பார்த்த பார்வைக்கும் டப்பிங் தேவைப்படவில்லை.

தொடர் ஓட ஆரம்பித்தது. முதலில் அவள் கண் டிவியிலும் புருஷன் முகத்திலுமாகப் போய்ப் போய் வந்தது. டாக்டர் பேசும்போதெல்லாம் இவர் பக்கம் திரும்பிப் புன்னகைத்தாள். கொஞ்ச நேரத்தில் திரும்புவது குறைந்தது. பிறகு நின்றேவிட்டது. கையிலிருந்த டீ ஆறி ஏடு படிந்தது.

டாக்டர் ஒரு விதவையின் எதிரில் உட்கார்ந்திருந்தார். அவள் புருஷனுக்கு ஊசி போட்டவரே அவர்தான். அவள் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில், "என்னால முடிஞ்சதெல்லாம் செஞ்சேம்மா. அவர் கஷ்டப்படவே இல்லை" என்றார். உதடு எங்கே திறந்ததோ அங்கே குரல் திறந்தது. எங்கே நடுங்கியதோ அங்கே நடுங்கியது.

"அடப்பாவி!" மனைவி சோபாவின் நுனிக்கு வந்துவிட்டாள். "எப்படி வாய் கூசாமப் பொய் சொல்றான் பாருங்க! மூஞ்சியப் பாரு, மூஞ்சிய! அம்மா, அவனை நம்பாதம்மா! டேய், நீ நல்லா இருப்பியா?"

"அக்கா, அது..." என்றான் மச்சான்.

"நீ சும்மா இரு!"

கும்பலுக்கு உள்ளுக்குள் என்னவோ பொங்கி வந்தது. இத்தனை வருஷம் கூடவே குடித்தனம் நடத்தியவள், பக்கத்து அறையில் இவர் தும்மினாலே இவர்தான் என்று தெரிந்துகொள்கிறவள். அந்தக் காட்சியை எப்படிப் பேசினார் என்று அவளிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. அந்த 'ம்மா'வுக்கு மட்டும் எத்தனை முறை திரும்பத் திரும்பப் பேசினார், நடுக்கத்துக்காக என்ன செய்தார், எல்லாவற்றையும். "இந்த இடத்துல நான்..." என்று வாயைத் திறந்தார்.

அவள் திரும்பாமலே கையை நீட்டி அவர் வாயைப் பொத்தினாள்.

"உஷ்! கொஞ்சம் பேசாம இருங்களேன். டாக்டர் என்ன சொல்றான்னு கேட்க விடுங்க."